டீச்சரிடமிருந்து பறித்த எழுத்து

தப்பு கம்ப்யூட்டருடையது அல்ல. ரோஸலின் டீச்சருடையதும் அல்ல. என்னுடையது. தெரிந்தேதான் அவர் பிழைப்பைக் கெடுத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் ஒரு டைப்பிங் சென்டர். அங்கே புதுக் கம்ப்யூட்டரில் ஆபீஸ் சாஃப்ட்வேரை ஏற்றியவன் நான். எந்த நாட்டு ஆங்கிலம் வேண்டும் என்று அது கேட்டது. ஒன்பதாவதோடு நின்றவனுக்கு, நாட்டுக்கு நாடு ஆங்கிலம் மாறும் என்று எப்படித் தெரியும்? முதலில் இருந்த அமெரிக்காவை அழுத்திவிட்டேன்.

மறுநாள் டீச்சர் அடித்த பக்கமெல்லாம், ஸ்பெல்லிங் தப்பு என்று மெஷின் போட்ட சிவப்புக் கோடு. சர்ச் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டு வாடகைக்காக எங்களிடம் டைப் அடிக்க வந்தவர்.

"என்ன டீச்சர், ஸ்பெல்லிங்கெல்லாம் மறந்துடுத்தா?" என்றார் முதலாளி.

"கலர்ல யூ உண்டு சார். மெஷின்தான் தப்பா சொல்லுது."

"மெஷினுக்கு இன்னும் வயசாகலையே டீச்சர்."

அந்த வாரமே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கலர், ஹானர் மாதிரிச் சொற்களில் நாம் எழுதும் யூவை அமெரிக்காக்காரன் எழுதுவதில்லை. அமெரிக்காவை எடுத்து இங்கிலாந்தைப் போட வேண்டும், அவ்வளவுதான். ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள்... 'அப்போ தப்பு உன்னுதாடா?' என்று முதலாளி விரட்டிவிடுவாரோ என்ற பயம். பயம் மட்டும்தானா? நான் எழுதிய பில்லில் பிழை பார்த்து, எல்லோருக்கும் காட்டிச் சிரித்த டீச்சர் இப்போது திருதிருவென்று விழிப்பது... இனித்தது ஐயா, இனித்தது!

ஒரு மத்தியானம் டீச்சர் என் பக்கம் குனிந்தார்.

"குமாரு, யார்கிட்டயும் சொல்லாத. ஹானர்ல யூ வருமா, வராதா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்குப்பா."

"வராது டீச்சர். மெஷின் கரெக்டாத்தான் சொல்லிக்கினு கீது."

காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்தைத் தன் விரலாலேயே அழித்தார். கோடு மறைந்தது. "தேங்க்ஸ்பா" என்றார்... எனக்கு!

அதன்பின் எல்லாச் சொல்லிலும் அப்படியே. அடையாறிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், டீச்சர் அடித்துக்கொடுத்த தன் ஆய்வேட்டில் யூவெல்லாம் விட்டுப்போய் முழுக்கப் பிழை என்று மேஜைமேல் வீசினார். டீச்சர் வாதாடவில்லை. "நினைவு தங்கல சார்" என்று தானே ஒப்புக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அவர் தெருமுனை திரும்புமுன் இங்கிலாந்தைப் போட்டுவிட்டேன்.

புதிதாக வந்த பெண்ணின் பக்கங்களில் ஒரு கோடும் இல்லை. "பாத்தியாடா, ஆள் போனதும் தப்பும் போயிடுத்து" என்றார் முதலாளி.

சிரித்தபடி, "ஆமா சார்" என்றேன்.

டீச்சர் வீடு ராயப்பேட்டையில்தான். புத்தி மழுங்கிவிட்டது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது தெரியும். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்...

போகவில்லை.