வாய்மொழித் தேர்வு நாளின் லட்டு

ஆடி வெள்ளி, காலை. திருமுல்லைவாயில் நிலையத்தில் மின்ரயிலுக்குக் காத்திருக்கிறேன். ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்புக்காரர் ஒருவர் நடைமேடையில் எல்லோருக்கும் லட்டு தருகிறார். பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடாவில், முதிர்ந்த நட்சத்திரங்கள் கடைசிக் காலத்தில் உதறிவிடும் ஒளிரும் வாயுக்கூடுகளை ஆராய்பவள் அவர் மகள். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு இன்று மதியம்தான்.

"இன்னா அண்ணாத்தே, ரிசல்ட்டே வரல, அதுக்குள்ள லட்டா? ஊத்திக்கினா இன்னா பண்ணுவ?" என்கிறார் டீக்கடைக்காரர்.

"பட்டம் தர்றது வாத்தியாருங்க பாடு. இருபத்தஞ்சு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கெளம்புன வெளிச்சம்பா. எம்பொண்ணு கண்ணுல வந்து பட்டிருக்கு. லட்டு அதுக்கு."

டீக்கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டுகிறார்.

"அப்ப ரெண்டா குடு."