எந்த சூப்பர்சார்ஜர் நல்லது

எங்கள் வீட்டில் கார் கிடையாது. எப்போதும் இருந்ததும் இல்லை. ஆளுக்கொரு பைக், நெல் மூட்டை ஏற்ற வாடகை டிராக்டர், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டில், யாரோ ஒருவனுடைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த சூப்பர்சார்ஜர் மாட்டுவது என்று சண்டை போட்டு அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. அங்கேதான் எல்லாம் கெட்டது.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் என்ஜின் பூட்டுகிற வேலை. விடிவதற்குள் உத்திரமேரூர் போய் கம்பெனி பஸ் பிடிப்பார். கொழுந்தன் வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு ஷெட்டில் இருக்கிறான். வெளிநாட்டு வண்டிகளைப் பிரித்து, இன்னும் வேகமாக ஓட வைத்து அனுப்புகிற ஷெட். மீதி நேரத்தில் இரண்டு பேரும் விவசாயம். நிலம் ஒன்று, கிணறு ஒன்று, அடுப்பும் ஒன்று. நானும் கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தியும் மாற்றி மாற்றிச் சமைப்போம். மாமனார் போன பிறகு எல்லாவற்றுக்கும் மேலே என் மாமியார்.

சாலவாக்கம் பக்கத்துக் கல்குவாரிக்காரர் மகன் ஒருவன், தரையை நக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வண்டி வாங்கியிருந்தான். இரண்டு கதவு, இரண்டு சீட்டு. எங்கள் ரோட்டில் டிப்பர் லாரிகள் போட்ட பள்ளத்தில் கன்றுக்குட்டி விழுந்தால் தேடித்தான் எடுக்க வேண்டும். அதில் இந்த வண்டி எறும்பு மாதிரி ஊரும். அவனுக்கு அந்த வேகம் போதவில்லையாம். சூப்பர்சார்ஜர் போட வேண்டுமாம். எது நல்லது என்று பார்த்துச் சொல்லச் சொல்லி ஷெட் முதலாளி கொழுந்தனிடம் விட்டுவிட்டார். அவனை நம்பி ஒரு முடிவை விட்டது அதுதான் முதல் தடவை. ஆசையாக வந்து, சாப்பிடும்போது அண்ணனிடம் கேட்டான். கேட்டிருக்கவே கூடாது.

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். வேண்டாம் என்றாலும் தெரியும். என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற பம்பு அது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும், வண்டி பறக்கும். அந்தப் பம்பையும் என்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. இதில் மூன்று சாதி. ரூட்ஸ் என்பதைக் காட்ட கொழுந்தன் என் பூரிக்கட்டையையும் ஓரகத்தியின் பூரிக்கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதிரெதிராக உருட்டினான். இரண்டு உருளையும் சுற்றிக் காற்றை அப்படியே அள்ளித் தள்ளும், ஆனால் காற்று சூடாகிவிடும். ட்வின் ஸ்க்ரூவுக்கு சாம்பாரிலிருந்து இரண்டு முருங்கைக்காயை எடுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்தான். முறுக்கிய இரண்டு திருகு. காற்றை உள்ளேயே நெருக்கி அனுப்பும். கிளம்பின உடனே இழுவை இருக்கும், ஆனால் விலை அதிகம். மூன்றாவது சென்ட்ரிஃப்யூகல். அதற்கு என் வீட்டுக்காரர் களத்தில் நெல் தூற்றுகிற ஃபேனைக் காட்டினார். ஒரே சக்கரம், அசுர வேகத்தில் சுற்றும். காற்று அவ்வளவாகச் சூடாகாது. ஆனால் என்ஜின் நன்றாக வேகம் எடுத்த பிறகுதான் அதன் வேலை தெரியும்.

ரூட்ஸ் வேண்டாம் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. அத்தோடு ஒற்றுமை முடிந்தது. இவர் சென்ட்ரிஃப்யூகல் என்றார். பக்கவாட்டில் மாட்டலாம், பானட்டை வெட்ட வேண்டாம், என்ஜின் கெடாது. அவன் ட்வின் ஸ்க்ரூ என்றான். வேகத்தடையும் மாடும் டிப்பரும் இருக்கிற ரோட்டில் சென்ட்ரிஃப்யூகல் எப்போது வேகம் எடுக்கிறது, எப்போது வேலை செய்கிறது? அப்படியானால் வண்டிக்காரன் டிராக்டர் வாங்கியிருக்கலாமே என்றார் இவர். அந்த வண்டியை ரோட்டில் ஓட்டப் போகிறானா, பந்தய மைதானத்தில் ஓட்டப் போகிறானா என்று வண்டிக்காரனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், எழுந்துபோய் ரசம் எடுத்து வந்தேன்.

தினமும் இதே பாட்டு. சோறு ஆறும், ஈ மொய்க்கும், ஃபோனில் படம் காட்டிக்கொண்டு இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வார்த்தை தடித்துவிட்டது.

"ஷெட்டுல ஸ்பேனர் புடிக்கறவனுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?" என்றார் இவர்.

கொழுந்தன் கையைத் தட்டிலேயே உதறினான். "நீ தெனம் ஒரே போல்ட்ட முறுக்கிக்கினு கீற. உனுக்கு மட்டும் இன்னா தெரியும்?"

சின்ன வயதிலிருந்து அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசாதவன். இரண்டு பேர் முகமும் செத்துப்போனது. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

நவரைப் பட்டத்து நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரம். ஒருவர் மோட்டார் போட்டால் மற்றவர் வரப்பில் மடை திருப்ப வேண்டும். முன்பு கூவிச் சொல்லிக்கொள்வார்கள். இப்போது இவர் எனக்கு ஃபோன் பண்ணுவார், நான் ஓரகத்தியிடம் சொல்வேன், அவள் அவனுக்கு ஃபோன் பண்ணுவாள். அதற்குள் தண்ணீர் அடுத்தவன் கழனியில் போய் நிற்கும். டீக்கடையில் ஆளுக்கொரு பெஞ்சு. எங்கள் ஊரில் அண்ணன் தம்பி ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உரக்கடைக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டே, பாகம் பிரிக்கிறீர்களாமே என்று என்னிடம் கேட்டார். இல்லை, சூப்பர்சார்ஜர் தகராறு என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், வீட்டு விஷயத்தை வெளியில் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று புரிந்துகொண்டவர் போல.

அத்தைக்கும் அந்தச் சேதி போயிற்று. என் மாமனாரும் அவருடைய அண்ணனும் நிலத்துக்காக மண்வெட்டி தூக்கினவர்கள். சாவுக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. அந்த பயம் அத்தையின் வயிற்றில் அப்படியே இருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாகறலில் இருக்கிற தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். பாகம் என்றால் தாய்மாமன் வந்து உட்கார வேண்டும். அவர் தன் ஊர்ப் பெரியவர்கள் இருவரோடும், அளக்கிற டேப்போடும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

என்ன தகராறு என்று மாமன் கேட்டார். இரண்டு தடியன்களும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்றுப் பம்புக்காக என்று சபையில் சொல்ல வெட்கம். வாயைத் திறந்து தொலையுங்களேன் என்று எனக்குள் கொதித்தது. கடைசியில் நானே எழுந்து சொன்னேன். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ, சென்ட்ரிஃப்யூகல், பெல்ட், பானட் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

மாமன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காத்தடிக்கற மிஷினுக்காவ எவனாச்சும் பேசாம இருப்பானாம்மா? உள்ள வேற ஏதோ கீது" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. சொன்ன வேகத்தில், சென்ட்ரிஃப்யூகல்தான் கிளம்பினவுடனே இழுக்கும் என்று மாற்றிச் சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. "இல்ல அண்ணி, அது ட்வின் ஸ்க்ரூ" என்றான் கொழுந்தன். அதே நொடியில், "சென்ட்ரிஃப்யூகல் லேட்டாத்தான் ஏறும்" என்றார் இவர். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அப்பாடா என்று இருந்தது. ஓரகத்தி காப்பி போட உள்ளே ஓடினாள்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிச்சிக்கினு கீறப்பவே பிரிச்சிடுங்க. அவங்கப்பன் மாதிரி வெட்டிக்கினு பிரிய வேணாம்" என்றார்.

மாமன் பெரியவனைப் பார்த்தார். இவர், "தம்பி இஷ்டம்" என்றார். தம்பியைப் பார்த்தார். அவன், "அண்ணன் இன்னா சொல்லுதோ அதான்" என்றான்.

அவர்கள் அதை மரியாதைக்குச் சொன்னார்கள். அவன் வேண்டாம் என்று சொல்வான் என்று இவரும், அண்ணன் வேண்டாம் என்று சொல்வார் என்று அவனும் காத்திருந்தார்கள். எங்கள் பக்கம் சபையில் சொன்னால் அந்த இரண்டு வார்த்தைக்கும் சம்மதம் என்று பொருள். இது அந்த இருவருக்கும் தெரியாதா? ட்வின் ஸ்க்ரூ எத்தனை டிகிரி சூடாகும் என்று தெரிகிறவர்களுக்கு இது தெரியாதா? நான் வாயைத் திறந்தேன். காற்று மிஷின் கதை சொன்னவள் என்று மாமன் என் பக்கம் திரும்பவே இல்லை. காப்பி வருவதற்குள் பெரியவர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு கழனிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

எல்லைக்கல்லை அண்ணன் தம்பி இருவருமே தூக்கி வந்து நட்டார்கள். நடும்போதும் சூடான காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டார்கள். கிணறு பொது, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். வீட்டுக்குக் குறுக்கே ஒரு சுவர் எழும்பியது. ஓரகத்தி தன் பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அத்தைக்கு மாதம் ஒரு வீட்டில் சாப்பாடு என்று பேச்சு. பிள்ளைகள் வெட்டிக்கொள்ளாமல் பிரிந்தார்கள் என்று அவருக்கு நிம்மதி. அதையும் நான் குறை சொல்ல முடியவில்லை.

அந்த குவாரிக்காரர் மகன், வண்டியின் அடிப்பாகம் வேகத்தடையில் இடிக்கிறது என்று சொல்லி அதை விற்றுவிட்டான். எந்த சூப்பர்சார்ஜரும் மாட்டவில்லை.

போன வாரம் ஒருநாள் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் வாதாட ஆளில்லாத சாப்பாடு அவருக்கு இறங்குவதே இல்லை. முருங்கைக்காயை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த வண்டிக்கு ட்வின் ஸ்க்ரூதான் சரி. அவன் சொல்லச் சொல்ல எனுக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான், இப்போதாவது போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவன் என்ன நினைத்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயைக் கடித்தார். இந்தக் கூத்தைப் பாருங்கள் அத்தை என்று சொல்லிக்கொண்டே அத்தை வழக்கமாக உட்காருகிற மூலைப் பக்கம் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை. இந்த மாதம் அத்தைக்கு அந்த வீட்டில் சாப்பாடு.