தங்கமணியின் சாயங்கால நோய்கள்

கை கால்களில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்துக் கழுவியதும் தங்கமணிக்கு நோய் வந்துவிடும். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "வணக்கம் டாக்டரம்மா" என்பாள். எதிரே இருப்பது அவள் பெற்ற மகள் எழில்மதி. மருத்துவக் கல்லூரியில் கடைசி ஆண்டு.

இரத்த நோய்கள் ஒவ்வொன்றுக்கும் பயிற்சிக்காக ஒரு நோயாளிக் கதை உண்டு. எழில்மதியோடு படிக்கும் தியாகதுருகத்துத் தோழி தேவதர்ஷினி காலையிலேயே போனில் அதைத் தங்கமணிக்கு மட்டும் சொல்லிவிடுவாள். கருணாபுரத்தில் சித்தாள் வேலை பார்க்கும் தங்கமணி பகலெல்லாம் கலவைச் சட்டி சுமந்தபடி அதை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பாள். நோயைக் கண்டுபிடிப்பது மகள் வேலை.

நல்ல நோயாளி என்று அவளைச் சொல்ல முடியாது. எத்தனை நாளாக என்று கேட்டால், "அது கீது ரொம்ப நாளா" என்பாள். மாதவிலக்கைப் பற்றிக் கேட்டால் சுவரைப் பார்ப்பாள். "ஒடனே சொல்லிட்டா டாக்டருக்கு இன்னா வேல?" என்பது அவள் கட்சி. கதை முடிந்த நொடியே மரியாதையும் முடிந்துவிடும். "ஏண்டி, ஒல வெச்சியா இல்லியா?"

இதில் விளையாட்டு கொஞ்சம்தான். சென்ற செய்முறைத் தேர்வில் எழில்மதி தேறவில்லை. இரத்தசோகை முற்றிய ஒரு பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, வெளுப்பு இல்லை என்று சொல்லிவிட்டாள். எப்படித் தவறினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. மறுதேர்வு அடுத்த வாரம்.

ஞாயிற்றுக்கிழமை தேவதர்ஷினி நேரிலேயே வந்திருந்தாள். அன்றைய கதைப்படி தங்கமணிக்கு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு.

"பல்லு வெளக்குனா ரத்தம் வருது டாக்டரம்மா. காலெல்லாம் செவப்பு செவப்பா புள்ளி."

எழில்மதி அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்தாள். "வெளுப்பு இல்ல."

தேவதர்ஷினி குனிந்து பார்த்தாள். "என் கதையில இல்லதான் எழிலு. ஆனா அம்மாவுக்குக் கீதே." தன் முகத்தைத் தங்கமணியின் முகத்தருகே வைத்து, தன் இமையையும் இழுத்துக் காட்டினாள்.

எழில்மதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்று சிவப்பு. மற்றது, பிறந்ததிலிருந்து அவள் பார்த்துப் பழகிய நிறம். நல்ல உடம்பு என்றால் அந்த நிறம்தான் என்று இருந்துவிட்டாள். தேர்வுக்கும் அந்த அளவுகோலைத்தான் கொண்டுபோயிருக்கிறாள்.

"பெத்தவ கண்ணையே பாக்கத் தெரில. நான் பரிச்சைக்குப் போகல மா."

"படி ஏறுனா மூச்சு வாங்குது, கண்ணு இருட்டிக்கினு வருது. சித்தாளு வேலன்னா அப்பிடித்தான்னு நானே கம்முனு கெடந்தேன். ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?" என்றாள் தங்கமணி. "இப்ப தெரிஞ்சிடுச்சி இல்ல. அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற?"

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, மகள் படிக்கும் ஆஸ்பத்திரிக்கே போனாள். இரத்தப் பரிசோதனை வரிசையில் முன்னால் நின்றவளிடமும் பின்னால் நின்றவளிடமும், "அதோ நிக்குதே, எம் பொண்ணு. டாக்டருக்குப் படிக்குது. அதுதான் இட்டாந்துச்சி" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தாள். எழில்மதி தலை நிமிரவில்லை.

பரிசோதனைக்கூடப் பணியாளர் ஊசி உறையைப் பிரித்து, "கைய நீட்டுங்கம்மா" என்றார்.

தங்கமணி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ரவிக்கைக் கையை இன்னும் மேலே ஏற்றிவிட்டு, அதே கையை மகளின் முன்னால் நீட்டினாள்.