கஞ்சியில் புரட்டிய கத்திரி விதை

காந்திகிராமத்தில் நடந்த விவசாயப் பயிற்சிக்கு எங்கள் ஊரிலிருந்து போன ஒரே பெண் நான்தான். பயிரை ஊக்கமாக வளர்க்கும் நுண்ணுயிர்கள் கலந்த கறுப்புப் பொடி ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை ஆறிய கஞ்சியில் கரைத்து, கத்திரி விதையைப் புரட்டி நிழலில் உலர்த்தினேன்.

"இதுல உயிர் இருக்குங்க. மருந்து பட்டாச் செத்துப்போகும்" என்று என் கணவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். ஒரு சிட்டிகை விதையைப் புழக்கடைத் தொட்டியில் தூவிவிட்டு, மீதியை அவரிடம் கொடுத்தேன்.

நாற்றங்காலில் அவர் விதைத்தது எப்போதும்போல் சவலையாகவே வந்தது. "பொம்பள படிச்ச விவசாயம் இம்புட்டுத்தான்" என்று செம்பட்டிச் சந்தைவரை சொல்லிச் சிரித்தார். நானும் பொடியைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஆனால் தொட்டியில் நாற்று கருகருவென்று நின்றது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒரே விதைதான? இது மட்டும் எப்பிடிங்க?"

குனிந்து ஒரு நாற்றின் இலையைத் திருப்பிப் பார்த்தார். "நாத்தங்கால் விதையில நான் பூஞ்சாண மருந்தப் போட்டுப் பெரட்டுனேன். வெறும் கஞ்சிய நம்பி எவன் வெதைப்பான்?"

"இதையும் சந்தையில போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"போ புள்ள, அடுப்புல வெஞ்சனம் கொதிக்குது, அதப் பாரு" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

இப்போதெல்லாம் விதையைப் புரட்டி, உலர்த்தி, நானே விதைத்து முடித்த பிறகுதான் அவரிடம் சொல்கிறேன். நாற்றைப் பிடுங்கி நடுவது மட்டும் அவர். காய்ப்பு நன்றாக இருக்கிறது. அவருடைய கைராசி என்கிறார்கள் சந்தையில். அவரும் மறுப்பதில்லை.