மஞ்சள் தண்ணீரில் முக்கியெடுத்த ரவிக்கை

போன ஞாயிற்றுக்கிழமை செமோரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மகள் ஷாலினிக்கு ஏழாம் மாதம், வாரக் கடைசியில் வளைகாப்பு. அத்தைக்காரி சும்மா இருக்க முடியுமா? ஈப்போவில் கண்ணாடி வளையல் வாங்கி, பலகாரத்துக்கும் ஆள் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

காரை நிறுத்தும்போதே கண்ணில் பட்டது. கொடியில் புத்தம் புதிய பச்சைப் பட்டு ரவிக்கை காய்கிறது. அதில் திட்டுத் திட்டாக மஞ்சள் கறை. பக்கத்து வீட்டைப் பார்த்த வேலியில் வேப்பிலைக் கொத்து, கூடவே காவலுக்கு முள் தாழை மடல்.

"என்ன அண்ணி இது?"

"விஜி தைச்சுக் கொடுத்தது லா. அப்படியே புள்ளைக்குப் போட்டுவிட முடியுமா? மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்தேன்."

விஜி பக்கத்து வீட்டுக்காரி. வீட்டிலேயே தையல் வேலை. பகலில் வெளியே தலைகாட்ட மாட்டாள். வெயில் இறங்கினால்தான் கொடியில் துணி எடுக்கவே வருவாள் — அதுவும் முழுக்கைச் சட்டை, தொப்பியோடு. முகத்தில் சிவந்த தடிப்பு. தலைமுடி பாதி கொட்டிவிட்டது. இரண்டு தடவை கரு உண்டாகி, தங்காமல் போனது.

தாமான் என்று நாங்கள் சொல்லும் அந்தக் குடியிருப்புக்கு இது போதாதா? 'பொந்தியானாக்' என்று பெயர் வைத்துவிட்டது. பிரசவத்தில் செத்த பெண் பேயாகி, கர்ப்பிணிகளின் ரத்தத்துக்கு அலைவாள் என்பது மலாய்க்காரர்கள் கதை. ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் நாம் வளர்த்த மோகினியும் அதில் கலந்துகொண்டாள். ரப்பர் மரத்தை வெட்டி வீடு கட்டினார்கள். மரம் போனது... பேய் மட்டும் புது வீட்டுக்குச் சாவி வாங்கிக்கொண்டது.

விஜிக்கு இருப்பது லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் வியாதி. வெயில் பட்டால் பலருக்கு அது கிளறிக்கொள்ளும். கர்ப்பம் தங்குவதும் சிரமமாகலாம். தொட்டால் ஒட்டாது. இதை அண்ணியிடம் பல தடவை சொல்லியாகிவிட்டது. "ம்ம்" என்பார். அப்புறம் போய் வேப்பிலை கட்டுவார்.

உங்களுக்குத்தான் தெரியுமே — எனக்குக் கோபம் வந்தால் படிக்க உட்கார்ந்துவிடுவேன். அன்றும் உட்கார்ந்தேன்.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்துப் புண்ணைப் பார்த்த அந்தக்கால வைத்தியர்களுக்கு ஓநாய் கடித்த மாதிரி தெரிந்ததாம். வெளிச்சம் பட்டால் தோல் கொப்பளிக்கும் போர்ஃபிரியா என்று இன்னொரு வியாதி இருக்கிறது. பகலில் வராத ரத்தக்காட்டேரிக் கதைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். வெறிநாய் கடித்தவர்கள் தண்ணீரைக் கண்டு மிரண்டார்கள், வெளிச்சத்துக்குக் கூசினார்கள், சிலர் பக்கத்தில் வந்தவர்களைக் கடிக்கப் பாய்ந்தார்கள். ஓநாய் மனிதன் கதை பிறக்க வேறென்ன வேண்டும்? உடம்பெல்லாம் முடி முளைத்துப் பிறந்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. காசநோயில் ஒருவர் செத்து, அதே வீட்டில் அடுத்தவர் இளைத்து ரத்தம் கக்கினால், செத்தவர்தான் வந்து உறிஞ்சுகிறார் என்று புதைகுழியையே தோண்டிப் பிணத்தை எடுத்திருக்கிறார்கள்.

எல்லாக் கதைக்கும் வியாதிதான் வேர் என்று அடித்துச் சொல்ல முடியாது, டாக்டர்களே தயங்குகிறார்கள். ஆனால் ஒன்று புரிந்தது. வெள்ளைக்காரனோ, மலாய்க்காரனோ, நாமோ — பயந்துபோன மனுஷன் முதலில் தேடுவது மருந்தை இல்லை. ஆளை.

படித்து முடித்ததும் எழுந்து போய் விஜி வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜன்னலெல்லாம் திரை. தையல் மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பிளவுஸைப் பார்த்தேன் க்கா. கொடியில."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் வளைகாப்புக்கு வரல. புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலையிலதான் விழும். ரெண்டு புள்ளைய இழந்தவ நான். மூணாவதுக்கும் பதில் சொல்ல என்னால முடியாது க்கா."

அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முடிவு செய்துவிட்டேன் — இந்த வளைகாப்பில் விஜி இருப்பாள். இல்லாவிட்டால் நானும் இல்லை.

முதல் வேலையாக வாசலில் போடவிருந்த கூடாரத்தை வேண்டாம் என்றேன். எல்லாம் ஹாலுக்குள். ஜன்னலுக்குத் தடித்த திரை.

"நல்ல காரியத்த எவளாச்சும் இருட்டுல செய்வாளா?" என்றார் அண்ணி.

"லைட்டைப் போடுங்க அண்ணி."

நேற்று வளைகாப்பு. விஜியைக் கையைப் பிடித்து, குடை பிடித்து நான்தான் அழைத்து வந்தேன். வேலி வேப்பிலையைத் தாண்டும்போது அவள் ஒதுங்கி நடந்தாள். உள்ளே நுழைந்ததும் இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது ஷாலினி அறையை விட்டு வெளியே வந்தாள். உடம்பில் அந்தப் பச்சை ரவிக்கை... மஞ்சள் கறையோடு. வேறு ரவிக்கை எடுத்து வைத்திருந்த அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

மணையில் உட்கார்ந்த ஷாலினி கையை நீட்டவில்லை. "மொத வளையல் விஜி அக்கா போடட்டும்" என்றாள்.

விஜி எழுந்திருக்கவில்லை. "வேணாம் ஷாலினி. நாளைக்கு ஏதாச்சும்..."

"ஏதாச்சும்னா டாக்டர்ட்ட போவேன் க்கா. உங்கள்ட்ட ஏன் வரப்போறேன்? வாங்க, கை வலிக்குது."

நான் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். இனி என் வேலை இல்லை அது.

விஜி வந்தாள். பச்சை வளையலும் சிவப்பு வளையலும் ஒவ்வொன்றாக ஏறின. ஒன்றும் உடையவில்லை. சந்தனக் கிண்ணம் அண்ணி கையில் இருந்தது. பிறகு விஜியின் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை மட்டும் நீட்டினார். சரி, இந்த வாரத்துக்கு அது போதும். வேலி வேப்பிலையை நான் கிளம்பும்போது அவிழ்த்துப் போட்டேன். திரும்பக் கட்டினால் திரும்பப் போவேன்.

விஜியை வெயில் சுடுகிறது, அதற்குக் காரணம் வியாதி. நாமும் அவளைச் சுடுகிறோமே, நமக்கு என்ன காரணம்?