உப்புத்தோலில் வந்து உட்கார்ந்த கறுப்புப் பட்டாம்பூச்சி

ரயிலுக்குப் போகிற வழியில் ஜட்காவை நிறுத்திவிட்டு, ஆம்பூர் தோல் பதனிடும் கொட்டகைக்குள் ஓடுகிறேன். முற்றத்தில் விரித்த உப்புத்தோல்மேல் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி. சிறகின் குறுக்கே வெளிர்மஞ்சள் பட்டை. பல வருஷமாக நான் தேடும் அபூர்வ இனம்தானா என்பதைப் பின்சிறகின் வால்கள்தான் சொல்லும். தொழிலாளி ஒருவர் தோலைச் சுண்ணாம்புக் குழிக்கு இழுக்கக் குனிகிறார்.

"கொஞ்சம் பொறுங்க. அந்தப் பூச்சியப் பாக்கணும்."

"மேஸ்திரி பாத்தா பேஜாராய்டும் சாமி."

அதற்குள் அது எழும்பி, உப்பு படிந்த அவர் முன்கையிலேயே உட்காருகிறது. அவர் அப்படியே நின்றுவிடுகிறார்.

"இன்னாடா சும்மா நிக்கிற?" மேஸ்திரி கத்திக்கொண்டே வருகிறார். தொழிலாளி அசையவில்லை. நான் நெருங்கிப் பார்க்கிறேன். ஒவ்வொரு பின்சிறகிலும் இரண்டு வால்கள். அதுவேதான்!

"பாத்துட்டேன்" என்கிறேன்.

அதன் பிறகுதான் அவர் கையை இறக்குகிறார்.