லூபெனின் தங்கப் பின்கள்

லூபென் கரடிமோவ் கட்டிய பற்கள் பிளோவ்திவ் நகரில் எத்தனையோ வாய்களில் மென்றுகொண்டிருக்கின்றன. அதில் அவருக்குப் பெரிய பெருமை கிடையாது. பல் கட்டுவது பிழைப்பு. ஸ்பீக்கர் கம்பியின் நுனிக்குச் சரியான பின் செய்வதுதான் தான் பிறந்ததன் காரணம் என்று நம்பினார்.

கம்பியை வெறுமனே முறுக்கிச் செருகினால் செம்பு கறுத்து, பாட்டு மூச்சுத் திணறும் என்பது அவர் கட்சி. கடைப் பின்களும் ஆகாது. "பித்தளைக்கு மேல சிவப்பு, கறுப்புன்னு பிளாஸ்டிக் உறை. பாடுறவ கழுத்தை நெரிக்கிற மாதிரி" என்பார். பல் பட்டறையிலேயே செம்பைக் கடைந்து, தங்கமுலாம் பூசி, உறையே இல்லாமல் எட்டுப் பின்கள் செய்தார். எல்லாம் ஒரே அச்சு. எது பிளஸ், எது மைனஸ் என்பது கம்பியோரம் ஓடும் மெல்லிய கோட்டை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

மாட்டிக் கேட்டார். பழையபடியேதான் இருந்தது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

பிறகு ஈஸ்டர் வந்தது. மனைவி ஸ்லாத்கா வீட்டையே கவிழ்த்துப்போட்டுச் சுத்தம் செய்தார். அடுத்த சனிக்கிழமை மதியம் நண்பர்கள் மெதோடியும் ஓக்னியானும் வழக்கம்போல ரக்கியா என்னும் பழச் சாராயத்துக்கும் பாட்டுக்கும் வந்தார்கள். இசைத்தட்டில் பாடகி வாய் திறந்ததும் மெதோடி கையிலிருந்த தக்காளித் துண்டைக் கீழே வைத்தார்.

"டேய் லூபோ, என்னடா பண்ணின? சுவரே காணாமப் போச்சு!"

ஓக்னியான் கண்ணை மூடிக்கொண்டார். "அவ எங்க நிக்கிறான்னே தெரியல. ரூம் பூரா நிக்கிறா. அடியில தொம் தொம்னு இடிக்கிறதும் இல்ல. என்னா சுத்தம்!"

"தங்கம்" என்றார் லூபென் அடக்கமாக. அவர் காதுக்கும் இப்போது அது கேட்டது.

நண்பர்களுக்கும் பின் செய்து, கோடு பார்த்து மாட்டிக் கொடுத்தார். அவர்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. குற்றம் வீட்டின்மேல் விழுந்தது. மெதோடி கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டார். ஓக்னியான் மாமியாரின் அலமாரியைப் பால்கனிக்குத் தள்ளினார். மாமியார் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் கொஞ்சம் தேவலை என்றார் ஓக்னியான்.

புகழ் பரவி, பேட்டை மன்றத்தில் லூபெனைப் பேச அழைத்தார்கள். தன் ஸ்பீக்கர் பெட்டிகளையே தூக்கிப்போய், தன் கையாலேயே மாட்டி, பாட்டைப் போட்டார். பாடகி சாதுவாக நடுவில் வந்து நின்று பாடினாள். கீழே தாளம் தொம்மென்று இடித்தது. முன்வரிசை அம்மாள் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "எங்க வீட்டுலயும் இப்படித்தான்டி கேக்குது" என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டினார். இங்கேயும் பாடகி நடுவில்தான் நின்றாள். ஈஸ்டருக்கு முன்பும் அவள் அங்கேதான் நின்றாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஸ்லாத்கா, அன்னிக்குச் சுத்தம் பண்ணினப்போ இந்தக் கம்பியைத் தொட்டியா?"

"தூசி உறிஞ்சுற மெஷின் இழுத்துடுச்சு. ரெண்டு கழண்டு விழுந்துது. எடுத்துச் செருகிட்டேன்."

"எதுல எதைச் செருகின?"

"ரெண்டும் ஒரே மாதிரி மினுக்குது, நான் என்னத்தைக் கண்டேன்? சிவப்பு, கறுப்புன்னு இருந்தா பார்த்துச் செருகியிருப்பேன்."

லூபெனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெட்டியில் பிளஸும் மைனஸும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்திருக்கிறது. பாடகி அறையெல்லாம் கரைந்ததும் தாளம் செத்ததும் அதனால்தான். பின்னின் வடிவம் பாட்டையே மாற்றும் என்று இத்தனை வருஷம் அவர் வாதாடியது ருசுவாகிவிட்டது. அந்த வெற்றியை அவரால் கொண்டாட முடியவில்லை.

சனிக்கிழமை நண்பர்களிடம் மறைக்காமல் சொன்னார்.

"அப்போ என்னோடதையும் மாத்திச் செருகிக் கொடு" என்றார் மெதோடி.

"அது தப்புடா. ரெக்கார்டு பண்ணினவன் அழுவான்."

"அவனா என் வீட்டுல உட்கார்ந்து கேக்கப் போறான்?"

ஓக்னியானுக்குக் கவலை வேறு. "எங்க மாமியார் காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாது."

மறுநாள் லூபென் மனைவியின் நகப்பூச்சை வாங்கி, பாதிப் பின்களில் சிவப்புப் பொட்டு வைத்தார். இப்போதெல்லாம் வார நாட்களில் தனியாக, சரியாக மாட்டிக் கேட்கிறார். சனிக்கிழமை நண்பர்கள் மாடியேறும் சத்தம் கேட்டதும் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒரு ஜோடியை மாற்றிச் செருகிவிட்டு, கதவைத் திறக்கப் போகிறார்.